மேட் மேக்ஸ் கேமுக்குப் புதிதாக வருவோருக்கு: எதை முதலில் செய்வது, எதை விட்டுவிடுவது

2015 செப்டம்பர் 1 அன்று இரண்டு பெரிய கேம்கள் ஒரே நாளில் வெளிவந்தன. ஒன்று, பல ஆண்டுகளாக ரசிகர்கள் காத்துக்கிடந்த மெட்டல் கியர் சாலிட் 5. மற்றொன்று, ஸ்வீடன் நாட்டு அவலாஞ்ச் ஸ்டுடியோஸ் உருவாக்கி வார்னர் பிரதர்ஸ் வெளியிட்ட மேட் மேக்ஸ். முதலாவதைப் பற்றிய பேச்சில் இரண்டாவது அமுங்கிப் போனது. அதே ஆண்டு மே மாதம் மேட் மேக்ஸ் வரிசையில் ஒரு திரைப்படம் வந்திருந்ததால், படத்தின் பெயரை வைத்துக் காசு பார்க்க அவசரமாகச் செய்த சரக்குதான் இது என்று பலர் பார்க்காமலே முடிவு கட்டிவிட்டார்கள். உண்மையில் இது 2013லேயே அறிவிக்கப்பட்டது. கதையும் படத்தின் கதையன்று. 2018 ஏப்ரலில் பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தாதாரர்களுக்கு இது இலவசமாகக் கிடைத்தபோதுதான் பலரும் முதன்முறையாக இதைத் தொட்டுப் பார்த்தார்கள்.

இப்போது தள்ளுபடியில் வாங்கி வைத்துக்கொண்டு, தொடங்கலாமா வேண்டாமா என்று யோசிக்கும் ஒருவருக்காக இந்தக் கட்டுரை எழுதப்படுகிறது. கதையின் முக்கியத் திருப்பங்கள் எதையும் இங்கே சொல்லவில்லை.

தொடங்கும் முன்: பிறர் கருத்துகளை எப்படிப் படிப்பது

இந்த கேமைப் பற்றி விளையாடியவர்கள் சொல்வதைக் கேட்டால் இரண்டு வேறு கேம்களைப் பற்றிப் பேசுகிறார்களோ என்று தோன்றும். ஒரு சாரார், கார் ஓட்டுவதும் காரோடு கார் மோதுவதும் வேறெந்த கேமிலும் இப்படிக் கிடைக்காது என்பார்கள். பாலைவனத்தின் அழகையும், சாதாரணக் கணினியிலும் தடங்கலின்றி ஓடும் அதன் தொழில்நுட்பச் சீர்மையையும் புகழ்வார்கள். மறுசாரார், ஒரே வேலையைப் பத்து இடங்களில் செய்யச் சொல்கிறது, கதை நகரவே மாட்டேன் என்கிறது என்று பாதியில் விட்டுப் போனதைச் சொல்வார்கள். வெளிவந்த காலத்தில் விமர்சகர்கள் பெரும்பாலும் இரண்டாவது பக்கமே சாய்ந்தார்கள். ஸ்டீம் தளத்தில் காசு கொடுத்து வாங்கியவர்களின் தீர்ப்பு அதைவிடப் பல மடங்கு இணக்கமானது.

இரு தரப்பும் பொய் சொல்லவில்லை என்பதே என் முடிவு. வேறுபாடு விளையாடிய விதத்தில் இருக்கிறது. விமர்சகர் குறித்த தேதிக்குள் முடித்தாக வேண்டும். ஆகவே அவர் நாள் முழுக்க இதையே ஓட்டுகிறார். புதிதாக வருபவர்களில் சிலரோ, வரைபடத்தில் தெரியும் ஒவ்வொரு குறியையும் அழித்துவிட்டுத்தான் அடுத்த பகுதிக்குப் போவேன் என்று சபதம் எடுத்துக்கொள்கிறார்கள். இந்த இரண்டு வழிகளிலும் மேட் மேக்ஸ் அலுத்துத்தான் போகும். கதையை மட்டும் பின்தொடர்ந்தால் சுமார் 20 மணி நேரத்தில் முடியக்கூடிய கேம் இது. எல்லாவற்றையும் செய்து முடிக்க அதைப் போல மூன்று மடங்கு நேரம் பிடிக்கும். அந்தக் கூடுதல் நேரத்தில் எந்தப் பகுதியை எடுத்துக்கொள்வது, எதை ஒதுக்குவது என்பதை அறிந்து வருபவர் ஏமாற மாட்டார்.

முதல் சில மணி நேரம்: பொறுத்துக்கொள்ளுங்கள்

தொடக்கத்தில், நாம் ஆட்டுவிக்கும் மேக்ஸ் என்ற மனிதனின் கார் பறிபோகிறது. பறித்தவன் ஸ்கேப்ரஸ் ஸ்க்ரோட்டஸ் என்னும் போர்த்தலைவன். பிறகு சம்பக்கெட் என்ற கூன் விழுந்த மெக்கானிக்கைச் சந்திக்கிறோம். இயந்திரங்களைத் தெய்வமாகக் கும்பிடும் அந்த மனிதன், தன் கனவுக் காரை ஓட்ட வந்த புனிதன் மேக்ஸ்தான் என்று நம்பிவிடுகிறான். அந்தக் காரின் பெயர் மேக்னம் ஓபஸ். இந்த கேமின் கதாநாயகன் யார் என்று கேட்டால், மேக்ஸ் என்று சொல்ல எனக்கு மனம் வராது, இந்தக் கார்தான்.

ஆனால் கையில் கிடைக்கும்போது அது வெறும் எலும்புக்கூடு. வேகம் இல்லை, கவசம் இல்லை, திருப்பினால் வழுக்கும். பலர் இந்தக் கட்டத்திலேயே கேமை மதிப்பிட்டுவிடுகிறார்கள். அவசரப்பட வேண்டாம். முதல் பகுதியின் தலைவன் ஜீட் குடியிருக்கும் கலங்கரை விளக்கக் கோட்டையை அடைந்து, இரண்டு மூன்று எதிரி முகாம்களைக் கைப்பற்றி, காரில் ஹார்பூனும் (கயிற்றோடு பாய்ந்து குத்தி இழுக்கும் ஈட்டி) எதிரிகளை இடிப்பதற்கான முன்புறச் சட்டமும் ஓரளவு மேம்பட்ட பிறகே கேம் தன் உண்மையான முகத்தைக் காட்டும். அதுவரை கதைப் பணிகள் சொல்லும் திசையிலேயே போவது நல்லது.

இந்தப் பகுதி முழுவதும் ஒரு காலத்தில் கடலாக இருந்த நிலம் என்பதையும் கவனியுங்கள். காய்ந்த பவளப் பாறைகளும், தரைதட்டிய கப்பல்களும், கரையே இல்லாத இடத்தில் நிற்கும் கலங்கரை விளக்கமும் எதையும் விளக்காமலே அந்த உலகத்துக்கு என்ன ஆயிற்று என்பதைச் சொல்லிவிடுகின்றன.

ஸ்கிராப்பை எங்கே செலவிடுவது

இவ்வுலகில் பணம் என்பது ஸ்கிராப், அதாவது பழைய இரும்பு. மேக்ஸின் உடை, ஆயுதம், திறமை ஆகியவற்றுக்கும், காரின் பாகங்களுக்கும் இதே ஸ்கிராப்தான். தொடக்கத்தில் எப்போதும் பற்றாக்குறையாக இருக்கும் என்பதால் வரிசை முக்கியம்.

முதலில் ஹார்பூன். சில வாயில்களும் கோபுரங்களும் குறிப்பிட்ட நிலைக்கு மேம்பட்ட ஹார்பூனுக்குத்தான் அசையும். அது இல்லாவிட்டால் வந்த வழியே திரும்ப வேண்டியிருக்கும். அடுத்து எஞ்சின். கவசத்தை மூன்றாவதாகத்தான் வைப்பேன். கனமான கவசத் தகடுகள் காரைத் தாங்கும், உண்மை. ஆனால் அவற்றின் எடை வேகத்தையும் திருப்பும் லாகவத்தையும் குறைத்துவிடும். எஞ்சின் சக்தியை உயர்த்தாமல் கவசத்தை மட்டும் ஏற்றிக்கொண்டவர்கள், கார் எருமைபோல் நகர்கிறது என்று குறைபட்டுக்கொள்வதைப் பார்க்கலாம். கார் மேம்பாட்டுத் திரையில் ஒரு பாகத்தின் மேல் நிற்கும்போது எந்த அளவு ஏறும், எந்த அளவு இறங்கும் என்பது காட்டப்படுகிறது. அதைப் பார்க்காமல் விலை உயர்ந்ததே சிறந்தது என்று வாங்கிவிடாதீர்கள்.

மேக்ஸுக்கென்று செலவிடுவதாயின், கைச்சண்டையில் எதிரியின் அடியைத் தடுக்கும் திறமையை முதலில் வளர்த்துக்கொள்ளுங்கள். தோற்றத்துக்கான தாடி, உடை வகைகள் காத்திருக்கலாம்.

கிரிஃபா என்ற நாடோடிச் சாமியார் ஒருவர் ஆங்காங்கே தென்படுவார். கேம் தரும் சிறு சவால்களை நிறைவேற்றிப் பெயர் உயரும்போது கிடைக்கும் டோக்கன்களை அவரிடம் கொடுத்து மேக்ஸின் இயல்புகளை உயர்த்திக்கொள்ளலாம். ஒரே இடத்தில் கூடுதல் தண்ணீர் கிடைப்பது, கூடுதல் ஸ்கிராப் கிடைப்பது போன்றவற்றை முதலில் எடுத்துக்கொண்டால் பின்னால் வரும் பணிகள் அத்தனையும் எளிதாகும். அவரைத் தேடிப் போக மறந்துவிட்டுக் கடைசிவரை டோக்கன்களைச் சேர்த்து வைத்திருப்பவர்கள் ஏராளம்.

ஹார்பூன்: இந்த கேமின் உயிர்

அவலாஞ்ச் நிறுவனம் இதற்கு முன் ஜஸ்ட் காஸ் வரிசையைச் செய்தது. கயிற்றைக் கொக்கிபோல் வீசி எதையும் எதோடும் இணைக்கும் விளையாட்டுதான் அந்த வரிசையின் அடையாளம். அந்த அனுபவத்தின் சாரம் இங்கே காரின் பின்புறத்தில் தொற்றிக்கொண்டு வரும் சம்பக்கெட்டின் கையில் ஹார்பூனாக வந்து சேர்ந்திருக்கிறது.

ஒரு மோதலைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். எதிரிக் கார் ஒன்று பக்கவாட்டில் வந்து இடிக்கிறது. அதன் கூரையிலிருந்து ஒருவன் உங்கள் காரின் மேல் தாவப் பார்க்கிறான். குறிவைக்கும் பொத்தானை அழுத்தியதும் காலம் மெதுவாகிறது. எதிரிக் காரின் கதவு தனியாக ஒளிர்கிறது. ஹார்பூன் பாய்ந்து கதவில் குத்துகிறது. இழுத்ததும் கதவு தகரச் சத்தத்தோடு பிய்ந்து பின்னால் பறக்கிறது. இப்போது உள்ளே ஓட்டுநர் முழுதாகத் தெரிகிறான். அடுத்த ஹார்பூன் அவனுக்கு. ஆளில்லாத கார் சிறிது தூரம் நேராக ஓடி, மணல்மேட்டில் ஏறிக் கவிழ்கிறது. இவ்வளவும் சில நொடிகளில், நீங்கள் வேகத்தைக் குறைக்காமலே நடக்கிறது.

கதவுக்குப் பதிலாகச் சக்கரத்தைக் குறிவைத்தும் பிடுங்கலாம். ஓடும்போது சக்கரத்தை இழந்த வண்டி எப்படிப் புரளும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது, அதுதான் வேடிக்கை. புதியவர்கள் செய்யும் தவறு, எதிரிக் காரை இடித்தே அழிக்கப் பார்ப்பது. இடிப்பதும் பயன்படும், ஆனால் உங்கள் காரும் சேர்ந்து அடிபடும். முதலில் இழு, பிறகு இடி என்ற வரிசை கைவந்துவிட்டால் ஐந்து கார்கள் சூழ்ந்தாலும் பதற வேண்டியதில்லை. பின்னால் கிடைக்கும் தண்டர்பூன் என்ற வெடிக்கும் ஈட்டிகளை, எண்ணிக்கை குறைவு என்பதால், ஹார்பூனுக்கு அசையாத கனமான வண்டிகளுக்கென ஒதுக்கி வையுங்கள்.

எதிரிகள் காரில் தாவி ஏறுவது தொல்லையாக இருந்தால், காரின் உடலைச் சுற்றிப் பொருத்தும் முட்கள் ஒரு மேம்பாடாகக் கிடைக்கும். அதற்குச் செலவிடும் ஸ்கிராப் வீணாகாது.

கார் தீப்பற்றும் அளவுக்குச் சேதமானால் அவசரமின்றி ஒதுங்கி, மேக்ஸை இறக்கிவிடுங்கள். சம்பக்கெட் தானாகவே இறங்கிப் பழுது பார்ப்பான். அதற்காகத் தனியே ஸ்கிராப் செலவாவதில்லை. அவன் முடிக்கும்வரை வருகிறவர்களை நீங்கள் தடுத்து நின்றால் போதும்.

முகாம்களைத் தாக்குவது

முகாமை நோக்கி நேராக ஓட்டிச் செல்வது தற்கொலை. ஒவ்வொரு முகாமுக்கும் வெளிப்புறக் காவல் உண்டு: உயரத்தில் துப்பாக்கிக்காரர்கள், வாயிலருகே தீயுமிழும் குழாய்கள், வெடி ஈட்டி எறிபவர்கள். தொலைவில் காரை நிறுத்தி, பைனாகுலரால் ஒரு சுற்றுப் பாருங்கள். காரின் பின்புறம் இருக்கும் நெடுந்தூரத் துப்பாக்கியாலும் ஹார்பூனாலும் இவற்றை ஒவ்வொன்றாகக் களைந்த பிறகே வாயிலைப் பிடுங்கி உள்ளே போக வேண்டும்.

உள்ளே ஒருவன் கயிற்றில் தொங்கும் மேடையில் நின்று முரசடித்துக் கத்திக்கொண்டிருப்பான். அவன் சண்டைக்கு வருவதில்லை என்பதால் அவனைக் கடைசிக்கு விட்டுவைக்கத் தோன்றும். அப்படிச் செய்யாதீர்கள். அவன் கத்தக் கத்த மற்றவர்களின் வெறியும் பலமும் ஏறும். முதலில் அவனை வீழ்த்தினால் மீதிச் சண்டை பாதியாகக் குறையும்.

கைச்சண்டை, அதே காலத்து பேட்மேன் கேம்களை ஆடியவர்களுக்குப் பழகியதாகவே இருக்கும்: ஒரு பொத்தான் அடிக்க, ஒரு பொத்தான் தடுக்க. ஆனால் மேக்ஸ் வௌவால் மனிதனைப்போல் லாகவமானவன் அல்லன். கனமாகத் திரும்புவான், கனமாக அடிப்பான். பொத்தானைப் படபடவென்று தட்டுவதைவிட, எதிரியின் அடி வரும் கணத்துக்குக் காத்திருந்து தடுத்துத் திருப்பி அடிப்பதே பயன் தரும். தொடர்ந்து அடிபடாமல் அடித்தால் மேக்ஸுக்கு வெறி ஏறும்; அந்தச் சில நொடிகளில் ஒவ்வோர் அடியும் எலும்பு முறிக்கும். துப்பாக்கிக் குண்டுகள் மிக அரிது. அவற்றைச் சாதாரண அடியாளின் மேல் வீணாக்காமல், கேடயம் பிடித்தவனுக்கோ முகாம் தலைவனுக்கோ வைத்திருங்கள்.

ஏறுவதும் குதிப்பதும் இந்த கேமின் பலவீனமான பகுதி. முழங்கால் உயரத் தடுப்பைத் தாண்ட முடியாமல் மேக்ஸ் தவிக்கும் இடங்கள் உண்டு. இதைப் பற்றி வரும் புகார்கள் எல்லாம் நியாயமானவையே.

தண்ணீரும் எண்ணெயும்

மேக்ஸின் உயிர் தானாக மீளாது. தண்ணீர்க் குடுவையிலிருந்து குடித்தால்தான் ஏறும். அல்லது கிடைத்ததைத் தின்ன வேண்டும். கிடைப்பது பெரும்பாலும் பிணத்தில் நெளியும் புழுக்களும், டின்னில் அடைத்த நாய் உணவும்தான். நீர் கசியும் குழாயையோ சிறு குட்டையையோ கண்டால் குடுவையை நிரப்பாமல் நகராதீர்கள். வழியில் தாகத்தால் தள்ளாடும் வழிப்போக்கர்கள் தண்ணீர் கேட்பார்கள். கொடுத்தால் பதிலுக்கு ஏதாவது கிடைக்கும். எரிபொருள் விஷயத்தில் அச்சம் தேவையில்லை. காரின் பின்னால் ஒரு கேன் எண்ணெயை எப்போதும் மாட்டி வைத்திருந்தால் நடுவழியில் நிற்கும் நிலை அநேகமாக வராது.

வரைபடத்தில் எதைச் செய்வது, எதைக் கடந்து போவது

கயிற்றில் கட்டப்பட்ட பலூன்கள் ஒவ்வொரு வட்டாரத்திலும் இருக்கும். புதிய வட்டாரத்தில் நுழைந்ததும் முதல் வேலை, பலூனில் ஏறிச் சுற்றிலும் பைனாகுலரால் பார்ப்பது. பிறகு அதே பலூன் நீங்கள் நொடியில் வந்து சேரக்கூடிய இடமாகவும் பயன்படும். பலூன் இல்லாமல் ஊர் சுற்றுவது வீண் அலைச்சல்.

பயமூட்டும் உருவக் கம்பங்கள், உயரத்துத் துப்பாக்கிக்காரர்கள், முகாம்கள், வாகன அணிகள், கண்ணிவெடி நிலங்கள் ஆகியவற்றை அழிக்க அழிக்க அந்த வட்டாரத்தில் ஸ்க்ரோட்டஸின் ஆதிக்கம் குறையும். அது குறையக் குறையக் காரின் மேம்பாடுகள் திறக்கும். இந்தத் தொடர்பைக் கேம் போதிய அளவு எடுத்துச் சொல்வதில்லை. வேண்டிய பாகம் பூட்டிக் கிடந்தால், எந்த வட்டாரத்தில் என்ன செய்தால் திறக்கும் என்பது மேம்பாட்டுத் திரையிலேயே எழுதியிருக்கும். அதைப் படித்து, அந்தப் பாகத்துக்குத் தேவையானதை மட்டும் செய்துவிட்டு நகர்வதே அலுப்பைத் தவிர்க்கும் வழி.

இவற்றில் வாகன அணிகளை எதற்காகவும் விட்டுவிடாதீர்கள். ஒரே பாதையில் ஓயாமல் சுற்றிவரும் அந்த வரிசையைத் துரத்தி, காவல் கார்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, தலைமை வண்டியை வீழ்த்தி அதன் முகப்பு உருவத்தைப் பிடுங்கிக்கொள்வதுதான் கேம் தரும் உச்ச இன்பம். அந்த உருவத்தைக் காரின் முகப்பில் பொருத்தினால் கூடுதல் பலனும் உண்டு.

கண்ணிவெடி நிலங்கள் இதற்கு நேர் எதிர். மேக்னம் ஓபஸை விட்டுவிட்டு, நாயை ஏற்றிக்கொண்டு சம்பக்கெட்டின் சிறு வண்டியில் ஊர்ந்து போய், நாய் குரைக்கும் திசையைப் பார்த்துக் கண்ணிகளைக் கண்டுபிடித்துச் செயலிழக்கச் செய்ய வேண்டும். முதல் ஒன்றிரண்டு புதுமையாக இருக்கும். அதன் பிறகு மிக அவசியம் என்றாலொழிய தொடாதீர்கள். பாதியில் விட்டுப்போனவர்கள் பலரின் பொறுமை தீர்ந்தது இங்கேதான். பந்தயங்களும் அப்படியே: விருப்பமிருந்தால் ஓடலாம், கதைக்கு வேண்டியதைத் தவிர மற்றவை கட்டாயமில்லை.

ஸ்கிராப் பொறுக்கும் சிறு இடங்களில், போகும் வழியில் இருப்பதை மட்டும் பாருங்கள். சில இடங்களில் பழைய உலகத்தின் புகைப்படங்கள் கிடக்கும். அவற்றை எடுத்தவுடன் மூடிவிடாமல் திருப்பிப் பாருங்கள். பின்புறத்தில், உலகம் சரிந்துகொண்டிருந்த நாட்களில் யாரோ கிறுக்கி வைத்த சில வரிகள் இருக்கும். முதன்மைக் கதையைவிட இந்தத் துண்டுகள் நன்றாக எழுதப்பட்டிருக்கின்றன என்பது என் எண்ணம்.

கோட்டைப் பணிகள்

நட்புத் தலைவர்களின் கோட்டைகளில் செய்யச் சொல்லும் கட்டுமானப் பணிகளை வெட்டிவேலை என்று ஒதுக்குவோர் உண்டு. அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. எல்லாவற்றையும் செய்ய வேண்டும் என்பதில்லை. தண்ணீர்த் தொட்டி, எண்ணெய், தோட்டா ஆகிய மூன்றும் அமைந்துவிட்டால், கோட்டைக்குள் நுழையும்போதெல்லாம் அவை நிரம்பிவிடும். நீங்கள் உடைக்கும் கார்களின் இரும்பைத் தாமே பொறுக்கி வரும் ஆட்களை அமர்த்துவதும் அவசியம். அதற்கு முன், ஒவ்வொரு மோதலுக்குப் பின்னும் இறங்கி இறங்கிப் பொறுக்க வேண்டியிருப்பதே கேமின் வேகத்தைக் கெடுக்கும் பெரிய காரணம். ஆகவே ஜீட்டின் கோட்டையில் முதலில் முடிக்க வேண்டியது இந்தப் பணிதான்.

புயல் வந்தால்

தொடுவானத்தில் செம்மண் சுவர் எழும்பினால் சம்பக்கெட் அலறத் தொடங்குவான். மின்னல் தாக்கும், தகரமும் பாறையும் பறந்து வந்து காரைக் குத்தும். காரின் கவசம் குறைவாக இருக்கும் தொடக்க நாட்களில் அருகிலிருக்கும் கோட்டைக்கு ஓடிவிடுங்கள். கார் பலமான பிறகு, ஒருமுறையேனும் வேண்டுமென்றே புயலுக்குள் ஓட்டுங்கள். உள்ளே காற்றில் சிக்கிச் சுழலும் ஸ்கிராப் பெட்டிகளைப் பிடித்தால் கிடைக்கும் வருவாய், பல சிறு இடங்களைத் துழாவுவதைவிடப் பெரிது. எந்த நேரமும் படமெடுக்க வசதியாகத் திரையை நிறுத்திவைக்கும் முறையும் கேமில் உண்டு. அதை அதிகம் பயன்படுத்துவது புயலில்தான்.

கதையின் கடைசிப் பகுதி

மணலில் புதைந்த விமான நிலையத்துக்குள் இறங்கும் பணியிலிருந்து கேமின் தொனி மாறத் தொடங்குகிறது. அதுவரை சோம்பிக் கிடந்த கதை, ஸ்க்ரோட்டஸ் ஆளும் கேஸ்டவுன் நகரத்தை நெருங்கியதும் வேகமெடுக்கிறது. முடிவைப் பற்றி விளையாடியவர்களிடையே இன்றும் சண்டை ஓயவில்லை: மேக்ஸ் என்ற மனிதனுக்கு நேர்மையான முடிவு என்பார் சிலர், அதுவரை சேர்த்துவைத்த அன்பையெல்லாம் அநியாயமாக உடைத்துவிட்டார்கள் என்பார் வேறு சிலர். நான் முதல் கட்சி. எப்படியும், கடைசிப் பணிகளை ஒன்றன்பின் ஒன்றாக ஒரே மூச்சில் ஆடுங்கள். நடுவில் முகாம் பிடிக்கப் போனால் அதன் அழுத்தம் கலைந்துவிடும்.

கதை முடிந்த பிறகும் உலகம் திறந்தே இருக்கும், காரும் உங்களிடமே இருக்கும். ஆகவே முடிவுக்கு முன் எல்லாவற்றையும் முடித்துவிட வேண்டும் என்ற அவசரம் தேவையில்லை. மீதமுள்ள முகாம்களை அப்போது நாளுக்கொன்றாக, அரைமணி நேரம் கிடைக்கும்போது எடுத்துக்கொள்ளலாம். வாகன அணிகள் மிச்சமிருந்தால் அவற்றிலிருந்தே தொடங்குங்கள்.